சேலிக்கு முன்சக்கரப் பொருத்தம்

மகிபாலவின் சேலி தூரத்தில் வரும்போது முதலில் கண்ணில் படுவது இரண்டு முழங்கால்கள். அதற்குப் பிறகுதான் ஹெல்மெட், தோள்பை, குடை, கடைசியாக வண்டி. பெண்பிள்ளைகள் சந்தைக்குப் போய் வரட்டும் என்று யாரோ ஒரு புண்ணியவான் செய்த சேலி என்ற குட்டி மோட்டார் சைக்கிளில் ஆறடி மனிதர் ஏறி உட்கார்ந்தால் வேறு எப்படி இருக்கும்? சேலியின் சக்கரங்கள் சோற்றுத் தட்டைவிடக் கொஞ்சம் பெரியவை, அவ்வளவுதான். தார் ரோட்டில் சமர்த்தாக ஓடும். மண் ரோட்டில் ஒரு குழியைக் கண்டால் போதும், சொந்த வீடு மாதிரி உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும்.

கல்யாணத் தரகு அவர் தொழில். அந்தப் பக்கத்தில் தரகரைக் கபு என்பார்கள், மரியாதை சேர்த்தால் கபு மாத்தயா. அம்பகஹ சந்தியிலிருந்து கொட்டகந்த மலை உச்சி வரைக்கும் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும், சுவரில் மாட்டியிருக்கும் கல்யாணப் படத்தின் ஓரத்தில் மகிபால நின்றுகொண்டிருப்பார். இப்படி ஊரில் பாதிப் பேரைக் கட்டிவைத்தவர், ஐம்பதைத் தொட்டும் தனிக்கட்டை. ஏன் என்று கேட்டால், "கடைக்காரனே சரக்கைத் தின்னுட்டா கடை என்ன ஆகிறது?" என்பார். முதல் தடவை கேட்பவர்கள் சிரிப்பார்கள்.

தொழிலில் இரண்டு விஷயத்தில் பிடிவாதம். நல்ல நேரம் ஒரு நிமிஷம்கூடப் பிசகக் கூடாது. பெண், மாப்பிள்ளையைவிட மூத்தவளாக இருக்கக் கூடாது. ஒரே ஒரு மாதம் மூத்தவள் என்றாலும் அந்த ஜாதகத்தை உறையைவிட்டு வெளியே எடுக்கவே மாட்டார். மற்றப்படி உயரம், நிறம், தலையில் முடி இருப்பது இல்லாதது, இதெல்லாம் பேசிச் சமாளிக்கிற சங்கதி.

கொட்டகந்த உச்சியில் யசவதி இருந்தாள். தையல்காரி. ஊரில் கல்யாணம் என்றால் பெண்ணுக்கு மகிபால மாப்பிள்ளை பார்ப்பார், யசவதி ரவிக்கை தைப்பாள். தம்பிகள் மூன்று பேரையும் ஆளாக்கி, அவர்களுக்குக் கல்யாணமும் பண்ணிவைத்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தையில் நடுவழியில் அவரை நிறுத்தினாள்.

"கபு மாத்தயா, எனக்கும் ஒரு ஆளைப் பாருங்களேன்."

"எப்படிப்பட்ட ஆள்?"

"குடிக்கக் கூடாது. நான் பேசும்போது ரேடியோவைக் கூட்டி வைக்கக் கூடாது. மத்ததெல்லாம் உங்க இஷ்டம்."

ஜாதகத்தை வாங்கிப் பார்த்தார். தன்னைவிட இரண்டு வயது மூத்தவள் என்று மனசுக்குள் கணக்குப் போட்டார். எதற்காகத் தன் வயதோடு ஒப்பிட்டுப் பார்த்தோம் என்று அவருக்கே தெரியவில்லை. தொழில் பழக்கம் என்று விட்டுவிட்டார். ஆனால் அன்றையிலிருந்து ஒரு சங்கடம். தன்னைவிட மூத்தவளை அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும். அக்கா என்று சொல்ல வாய் வரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிடத் தைரியம் வரவில்லை. இரண்டு வருஷமாக, "பாருங்க..." என்றே பேச்சைத் தொடங்கிக்கொண்டிருந்தார்.

இரண்டு வருஷத்தில் ஒன்றன்பின் ஒன்றாக மாப்பிள்ளைகளின் படங்களை அந்த மலையில் ஏற்றினார். ஏற்றினார் என்று சும்மா சொல்லிவிட முடியாது. கொட்டகந்த ரோட்டை மழை அறுத்துப் போட்டிருந்தது. லொறிகள் போன தடம் முழங்கால் ஆழத்துக்கு இறங்கியிருந்தது. சேலியை ஓட்டிக்கொண்டு பாதித் தூரம், தள்ளிக்கொண்டு பாதித் தூரம். வியர்த்து வழியப் போய்ப் படத்தை நீட்டினால் யசவதி ஒரு பார்வை பார்ப்பாள்.

"இவருக்குப் பல்லு படத்துல மட்டும்தான் இருக்கும் போலிருக்கே."

"இவரைப் பார்த்தா என் கடைசித் தம்பியோட மாமனார் ஞாபகம் வருது. வேணாம்."

"இவர் நல்லவர்தான். ஆனா கேமராவை முறைச்சுப் பார்க்கிறார். அது என்ன பண்ணிச்சு பாவம்?"

அப்புறம் ஒரு பிளேன் டீயும் ஒரு துண்டு கருப்பட்டியும் வரும். சந்தியில் நடந்தது, சந்தையில் நடந்தது எல்லாம் பேசி முடிக்கிறபோது வெயில் தாழ்ந்திருக்கும். மற்ற இடத்தில் ஒரு சம்பந்தம் தட்டிப் போனால் மூன்று நாளைக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிற மனிதர், கொட்டகந்தவிலிருந்து இறங்கும்போது மட்டும் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார். ஊர் சிரித்தது. ஊருக்கே புரிந்த விஷயம் அவருக்கு மட்டும் புரியவில்லை. அடுத்தவர் மனசைப் படிக்கத் தெரிந்த மனிதருக்குச் சொந்த மனசு எழுத்துக் கூட்டியும் படிக்க வராமல் போனது கொடுமைதான்.

அந்தச் சித்திரைக்குக் கொஞ்ச நாள் முன்னால் காலி நகரத்திலிருந்து ஒரு வரன் வந்தது. ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். மனைவி இறந்து பல வருஷம். குடி இல்லை, பல் எல்லாம் சொந்தப் பல், வீட்டில் ரேடியோவே இல்லை. வயதும் யசவதியைவிட ஆறு கூட. மகிபால தேடிப் பார்த்தார், ஒரு குறை கிடைக்கவில்லை.

யசவதி படத்தை வெகுநேரம் பார்த்தாள். "இவர்கிட்ட குறை சொல்றதுக்கு ஒண்ணும் இல்லையே" என்று மெல்லச் சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். ஏதாவது சொல்ல மாட்டாரா என்று பார்த்தாள் என்பது என் கட்சி.

மகிபால சொன்னார்: "பாருங்க... நல்ல மனுஷன். தங்கமான மனுஷன்."

"அப்படியா? அப்ப வரச் சொல்லுங்க."

வருவதற்கு நேரம் குறித்தவரும் அவர்தான். பழைய வருஷம் முடிந்து புது வருஷம் பிறக்கிற நடுவில் கொஞ்ச நேரம் எதற்கும் ஆகாத நேரம். நோனகத என்பார்கள். அந்த நேரத்தில் அடுப்பு எரியாது, வாயில் எதுவும் போடக் கூடாது, எந்த வேலையையும் தொடக் கூடாது. பன்சலை என்கிற புத்தர் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். அந்த வருஷம் அது காலையில் தொடங்கிச் சாயங்காலம் வரைக்கும் நீண்டது. அது முடிந்து அடுப்பு மூட்டி, புது வருஷத்து முதல் வேலை தொடங்குகிற நல்ல நேரத்தில், ஸ்டேஷன் மாஸ்டர் யசவதியின் வீட்டு வாசலில் நின்று பெண் கேட்க வேண்டும். சந்தியில் அவருடைய சொந்தக்காரர் வீடு இருந்தது. அங்கிருந்து வேன் புறப்படும். முன்னால் சேலியில் மகிபால வழி காட்டிக்கொண்டு போவார். இதைவிட நல்ல நேரம் இந்த வருஷத்திலேயே கிடையாது என்று அவரே சொல்லிவிட்டு மலையை விட்டு இறங்கினார். அன்றைக்குப் பாட்டு வரவில்லை.

பாட்டு வராத மனிதர் பாதையையும் பார்க்கவில்லை. யசவதியின் வேலிக்கு இருபதடி தள்ளி, முன்சக்கரம் லொறித் தடத்துக்குள் இறங்கி அங்கேயே நின்றுவிட்டது. அவர் நிற்கவில்லை. வண்டிக்கு மேலாகப் போய்ச் சேற்றில் விழுந்தார். யசவதி கையில் ஊசியோடு ஓடிவந்தாள். எலும்பு முறியவில்லை என்று தெரிந்ததும் சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துக்கொண்டே முழங்காலைக் கழுவி, ரவிக்கைக்கு உள்ளே வைக்கிற வெள்ளைத் துணியைக் கிழித்துக் கட்டினாள்.

"இது ஒரு சக்கரமா? என் தையல் மிஷினுக்கே இதைவிடப் பெரிய சக்கரம் இருக்கு. முன்னுக்குக் கொஞ்சம் பெரிசா ஒண்ணைப் போடக் கூடாதா?"

அவள் சொன்னது போதாதா? மறுநாளே நொண்டிக்கொண்டு மெக்கானிக் ரூபசிங்க பாஸின் கராஜில் போய் நின்றார். பாஸும் அவரும் ஒரே வகுப்பில் ஒரே பெஞ்சில் அடி வாங்கியவர்கள்.

"முன்னுக்கு மட்டும் பெரிசா?" பாஸ் தலையைச் சொறிந்தார். "பின்னுக்கு?"

"அது இருக்கட்டும் மச்சாங். குழியில முதல்ல விழுறது முன்சக்கரந்தானே."

பாஸ் பழைய இரும்புக் குவியலைக் கிளறி, உடைத்துப் போட்ட ஒரு ஸ்கூட்டரின் சக்கரத்தை இழுத்து வந்தார். சேலியுடையது பத்து அங்குலம், இது பன்னிரண்டு. கட்டை கட்டையாகப் பல் வைத்த டயர்.

"ஆனா இது வேற குடும்பம். சேலிக்குச் சேருமான்னு தெரியாது."

"வேற குடும்பமா இருந்தாத்தானே சம்பந்தம் பண்ண முடியும்? பொருத்தம் பாரு."

அவ்வளவுதான், இரண்டு பேருக்கும் குஷி பிறந்துவிட்டது. பாஸ் அளவெடுக்க எடுக்க மகிபால பலன் சொன்னார்.

"அச்சு மெலிசா இருக்கு. புஷ் போட்டா சரியாயிடும்."

"பொண்ணு மெலிசு, சோறு போட்டா சரியாயிடும். நூறு வீட்டுல சொல்லியிருக்கேன்."

"மட்கார்ட் இடிக்கும்டா."

"அது மாமியார். கொஞ்சம் ஒசத்தி வை, அடங்கலேன்னா வேற வீட்டுக்கு அனுப்பிடு."

"மீட்டர் வேலை செய்யாது. இந்தச் சக்கரத்துல அதுக்குப் பல்லு இல்ல."

"கணக்குப் பார்க்காத சம்பந்தம். ரொம்ப விசேஷம்."

"பிரேக் தட்டுதான் தகராறு." பாஸ் இப்போது சிரிக்கவில்லை. "இதோ பார், தட்டுல ஒரு பள்ளம் இருக்கு. சக்கரத்தைத் தாங்குற முன்கால்ல இருக்கிற மேடு இதுக்குள்ள உக்காரணும். உக்காரலேன்னா நீ பிரேக்கைப் புடிச்சதும் தட்டும் சேர்ந்து சுத்தும். அப்புறம் உனக்குக் கல்யாணமும் இல்ல, கருமாதிதான். இந்தப் பள்ளத்தை ராவிப் பெரிசாக்கணும்."

"ராவு. கொஞ்சம் ராவாம எந்தக் கல்யாணம் நடந்திருக்கு?"

வருஷப் பிறப்புக்கு முன்னால் கராஜ்களில் கூட்டம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டுமா? சேலியின் முறை வருவதற்குள் பழைய வருஷத்தின் கடைசிக் காலை வந்துவிட்டது. பாஸ் பழைய சக்கரத்தைக் கழற்றினார். மட்கார்டை ஒசத்திக் கட்டினார். புஷ் கடைந்தார். பள்ளத்தை ராவினார், வைத்துப் பார்த்தார், மறுபடி ராவினார். எல்லாம் முடிந்து, இனி சக்கரத்தைத் தூக்கி மாட்ட வேண்டியதுதான் என்று ஸ்பேனரைக் கையில் எடுத்தபோது பன்சலை மணி அடித்தது. நோனகத பிறந்துவிட்டது.

பாஸ் ஸ்பேனரை மெதுவாகக் கீழே வைத்தார்.

"ஒரு நட்டுத்தானே மச்சாங்" என்றார் மகிபால.

"போன வருஷம் இதே நேரத்துல நான் ஒரு நட்டை முறுக்கினதுக்கு ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிச்சது யாரு? அதோ சுவத்துல நல்ல நேரம், ஆகாத நேரம் எழுதின காகிதத்தை ஒட்டினது யாரு?"

ஒட்டியது அவர்தான். வீடு வீடாகப் போய் ஒட்டுவது அவர் வழக்கம். வாயை மூடிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். மூக்கில்லாத முகம் மாதிரி முன்சக்கரம் இல்லாமல் மரக்கட்டைமேல் சேலி நின்றது.

"இப்ப என்ன அவசரம்?" என்றார் பாஸ். "சாயங்காலம் வேன்லயே ஏறிப் போயிடு. நான் நாளைக்கு மாட்டித் தர்றேன்."

"ம்."

பாஸ் கொட்டாவி விட்டார். வேலை செய்யக் கூடாது, தின்னவும் கூடாது என்றால் மனிதன் யோசிக்கத்தான் வேண்டும். பாஸ் யோசித்தார்.

"ஆமா, எனக்கு ஒண்ணு புரியல. இந்தச் சக்கரம் கொட்டகந்த ரோட்டுக்குத்தானே?"

"ஆமா."

"அங்க வேற யாருக்கும் நீ வரன் பார்க்கலையே?"

"இல்ல."

"இன்னைக்குப் பேசி முடிச்சா யசவதி காலிக்குப் போயிடுவா. அப்புறம் நீ யாரைப் பார்க்க அந்த மலையில ஏறப்போற? சக்கரம் எதுக்குடா உனக்கு?"

மகிபால சக்கரத்தைப் பார்த்தார், சேலியைப் பார்த்தார், வெளியே மலையைப் பார்த்தார். இனி ஏற வேண்டியிராத ரோட்டுக்காக ஒருவன் நொண்டிக் காலோடு வந்து, மூன்று நாளாகக் கராஜ் வாசலில் தவம் கிடந்து, சக்கரத்துக்குப் பொருத்தம் பார்த்திருக்கிறான். அந்தப் பைத்தியக்காரன் யார் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. அந்த வீட்டு வாசலில் இனிமேல் யாரும் தனக்குப் பிளேன் டீ தரப்போவதில்லை என்ற நினைப்பைத் தாங்க முடியவில்லை. கண் கலங்கியதை மறைக்க அவர் ஒன்றும் செய்யவில்லை.

"நான் போகணும்" என்றார். "இப்பவே. அந்த வேன் கிளம்புறதுக்கு முன்னாடி."

"அப்பாடா" என்றார் பாஸ். "ரெண்டு வருஷம் ஆச்சு உனக்கு."

ஆனால் எப்படிப் போவது? வருஷப் பிறப்பன்று பஸ் ஓடாது. அந்த முழங்காலோடு மலையில் நடக்க முடியாது. நல்ல நேரம் பிறக்கிற வரை பொறுத்தால், வேனும் அந்த நல்ல நேரத்துக்குத்தான் காத்திருக்கிறது. கைத்தொலைபேசி வராத காலம். சக்கரம் தரையில் கிடக்கிறது, பாஸ் தொடமாட்டார். தொடச் சொல்லிக் கேட்கவும் மகிபாலவுக்கு வாய் இல்லை.

உள்ளேயிருந்து பாஸின் மனைவி நந்தாவதி வந்து நிலைப்படியில் நின்றாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"ஏன் மாத்தயா, என் புருஷன் ஸ்பேனரைத் தொட்டா வேலை. நீங்க தொட்டா அது எப்படி வேலையாகும்? உங்களுக்கு அது தொழிலா என்ன? புள்ளைங்க மண்ணுல வீடு கட்டுற மாதிரி. நோனகதயில விளையாடக் கூடாதுன்னு எந்தக் காகிதத்துல எழுதியிருக்கு?"

இரண்டு ஆண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நான் சும்மா பேசிட்டு இருக்கேன்" என்றார் பாஸ் மெதுவாக. "பேசுறது எனக்குத் தொழில் இல்ல."

மகிபால வெள்ளைச் சாரத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். பிறந்ததிலிருந்து குடையைத் தவிர வேறு ஆயுதம் பிடிக்காத கை அது. பாஸ் தன் இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து அமுக்கிக்கொண்டு கதை சொல்லத் தொடங்கினார்.

"ஒரு ஊர்ல ஒரு புஷ் இருந்திச்சாம். அது முதல்ல இடப்பக்கம் போகுமாம். இடப்பக்கம்! அது வலப்பக்கம்டா கழுதை!"

"கதையில கழுதை எங்கேருந்து வந்தது?"

"இப்பத்தான் வந்து உக்காந்திருக்கு. சக்கரத்தைத் தூக்கு. பிரேக் தட்டைத் திருப்பு. இன்னும். இன்னும். மேடு பள்ளத்துல உக்காந்திச்சா?"

"உக்காந்த மாதிரிதான் இருக்கு."

"மாதிரியெல்லாம் உன் தொழில்ல வச்சுக்க. ஆட்டிப் பாரு."

ஆட்டினார். தட்டு நழுவியது. மறுபடி வைத்தார். பாஸுக்குக் கை துடித்தது. எழுந்து போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார், மறுபடி வந்தார். மூன்றாம் முறை "டக்" என்று ஒரு சத்தம் வந்தது. இரண்டு பேரும் மூச்சு விட்டார்கள். அச்சைச் செருகி, நட்டை முறுக்கி, பிரேக் கேபிளைக் கோத்து முடிக்கும்போது வெள்ளைச் சாரத்தில் எண்ணெய் படாத இடம் இல்லை. சக்கரத்தைச் சுற்றிவிட்டார். மாமியாரைத் தொடாமல் சுற்றியது. வாழ்நாளில் தன் கையால் ஒரு பொருளை மாட்டி அது சுற்றிப் பார்த்ததில்லை அவர். சிறுபிள்ளை மாதிரி இன்னொரு தரம் சுற்றிவிட்டுப் பார்த்தார்.

"போற வழியில ஒருதரம் பிரேக்கைப் புடிச்சுப் பாரு" என்றார் பாஸ். "மெதுவா."

முன்பக்கம் ஒசந்த சேலி, தலையைத் தூக்கிய ஓணான் போல் புறப்பட்டது. சீட் பின்பக்கம் சாய்ந்ததால் மகிபால சறுக்கிச் சறுக்கிப் பின்னுக்குப் போனார், ஹேண்டிலைப் பிடித்து இழுத்து இழுத்து முன்னுக்கு வந்தார். வளைவில் வண்டி ஒரு விநாடி யோசித்துத்தான் திரும்பியது. பிரேக் பிடித்தார், நின்றது. பன்சலை வாசலில் ஊரே வெள்ளை உடுத்தி நின்றது. அவரைப் பார்த்ததும் வழி விட்டார்கள். நோனகதயில் கபு மாத்தயா வேறு எங்கே போவார்? அவர் நிற்காமல் தாண்டினார்.

"மாத்தயா! பன்சலை இங்க இருக்கு!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

கொட்டகந்த ரோடு வந்தது. முதல் லொறித் தடத்தைப் பார்த்ததும் பழக்கத்தில் காலை ஊன்றப் போனார். அதற்குள் புதுச் சக்கரம் தடத்தின் விளிம்பில் ஏறி, இறங்கி, அந்தப் பக்கம் போயிருந்தது. பின்னாலேயே சின்னச் சக்கரமும் குதித்து வந்து சேர்ந்தது. இரண்டு வருஷம் தள்ளிக்கொண்டு போன மேட்டில், ஒரு தரம்கூட இறங்காமல் ஏறினார். "ஆ!" என்று கத்தினார். மலையில் யாரும் இல்லை, இன்னொரு தரமும் கத்தினார்.

யசவதி வாசல்படியில் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். தையல் மிஷினைத் துணி போட்டு மூடியிருந்தாள். புதுப் பானை அடுப்பின்மேல் காத்திருந்தது. எண்ணெய் அப்பிய சாரத்தோடு அவர் வந்து இறங்கியதைப் பார்த்து எழுந்தாள்.

"என்ன கோலம் இது? வேன் எங்க?"

மகிபால அருகில் வந்தார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த வார்த்தைகள் நாக்கு நுனியில் இருந்தன. அப்போதுதான் அந்த யோசனை வந்தது. வந்ததும் படியில் உட்கார்ந்துவிட்டார்.

ஸ்பேனர் பிடிப்பது அவர் தொழில் இல்லை, சரி. கல்யாணம் பேசுவது? அது அவர் தொழில். ஒரு பெண்ணின் வீட்டு வாசலில் நின்று கல்யாணப் பேச்சை எடுத்தால், அது நோனகதயில் வேலை செய்ததாக ஆகும். வேறு யாருக்காகவாவது இருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பார். இது யசவதியின் விஷயம். ஆகாத நேரத்தில் தொடங்கி அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? ஊரெல்லாம் பயமுறுத்தி வைத்த பயம் அவருக்கும் இருந்தது, நிஜமாகவே இருந்தது.

"பாருங்க..." என்றார். "முன்சக்கரம் மாத்தியாச்சு."

"தெரியுது."

"பன்னிரண்டு அங்குலம். அச்சு மெலிசு, புஷ் போட்டிருக்கு. பிரேக் தட்டுல ஒரு பள்ளம் இருக்கு, அதுல மேடு உக்காரணும். முதல்ல உக்காரல. மூணாந்தரம் உக்காந்திச்சு." அழுகிற குரலில் சொன்னார்.

யசவதி அவர் கைகளைப் பார்த்தாள். நகக்கண்ணெல்லாம் கறுப்பு.

"நீங்களா மாட்டினீங்க? இந்த நேரத்துலயா? நோனகதயிலயா?"

"அது எனக்குத் தொழில் இல்ல. அதனால வேலைக்கணக்குல வராது."

"அப்ப உங்க தொழில் எது?"

"கல்யாணம் பேசுறது."

"அதான் வாயை மூடிட்டு உக்காந்திருக்கீங்களா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். யசவதிக்குச் சிரிப்பு வந்தது. பாதிச் சிரிப்பில் அது வேறு ஏதோவாக மாறி, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர் பக்கத்தில், ஒரு கை இடைவெளி விட்டு, படியில் உட்கார்ந்தாள்.

"நான் தையல்காரி" என்றாள். "கல்யாணம் பேசுறது எனக்குத் தொழில் இல்ல. நான் பேசலாம். இல்லையா?"

மகிபால நிமிர்ந்து பார்த்தார்.

"ஒரு வரன் இருக்கு. ஆறடி உயரம். குடி இல்ல. நான் பேசும்போது வாயைப் பார்த்துட்டே இருப்பார், ரேடியோ இருந்தாலும் காதுல விழாது. என்னைவிட ரெண்டு வயசு சின்னவர். அது எனக்குப் பெரிய விஷயமா தெரியல. ரெண்டு வருஷமா அவர் கொண்டுவந்த ஒவ்வொரு படத்தையும் வேணாம் வேணாம்னு திருப்பி அனுப்பியிருக்கேன். அந்த மண்டுக்கு ஏன்னு புரியல." குரலை அடக்கிக்கொண்டு கேட்டாள்: "பொண்ணு வீட்டுல எல்லாருக்கும் சம்மதம். மாப்பிள்ளைக்கு எப்படின்னு தெரியணும்."

தலையாட்டுவது வேலைக்கணக்கில் வருமா என்று ஒரு நொடி யோசித்தார். பிறகு ஆட்டினார். அவள் பார்க்காமல் விட்டிருந்தால் என்ன செய்வது என்று மறுபடியும் ஆட்டினார். அதற்குப் பிறகு நிறுத்தத் தெரியவில்லை.

"போதும் மகிபால, கழுத்து சுளுக்கிக்கும்."

கீழே சந்தியில் யாரோ பொறுமை இல்லாத பயல் ஒற்றைப் பட்டாசை வெடித்தான். மகிபாலவுக்கு ஸ்டேஷன் மாஸ்டர் ஞாபகம் வந்தது.

"தங்கமான மனுஷன். என் பேச்சை நம்பிக் காலியிலேருந்து வந்திருக்கார்."

"வரட்டும். பாற்சோறும் பணியாரமும் வச்சு, நடந்ததை நானே சொல்றேன். தங்கமான மனுஷன்னா புரிஞ்சுக்குவார். புரிஞ்சுக்கலேன்னா, நீங்க சொன்ன அளவுக்குத் தங்கம் இல்லேன்னு ஆயிடும்."

அவர் நிம்மதியாக மூச்சு விட்டார். மூச்சு விட்டதும் முகத்தில் பழைய களை வந்தது. கண்கள் எங்கோ போயின. விரல்கள் தானாக எதையோ எண்ணத் தொடங்கின.

"பாருங்க, அவரை வெறுங்கையோட அனுப்ப வேணாம். கெட்டவல ஊர்ப் பக்கத்துல ஒரு டீச்சரம்மா இருக்காங்க, நல்ல குடும்பம், வயசும் சரியா..."

யசவதி சட்டென்று அவர் வாயைப் பொத்தினாள்.

"உஷ்! நோனகத இன்னும் முடியல."

வெகுநேரம் கழித்துப் பன்சலை மணி அடித்தது. மலைக்குக் கீழே ஊர் முழுக்கப் பட்டாசு வெடித்தது. அவள் கையை எடுக்கவில்லை. அவரும் எடுக்கச் சொல்லவில்லை.